நாக்கு தடிச்சுப் போச்சு

என் மனைவிக்கு வாய் அதிகம். குறையாகச் சொல்லவில்லை, அதுதான் அவள் பிழைப்பு. தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குழாயில் காற்று வருகிறது, சேறு வருகிறது, எதுவுமே வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பதில் சொல்கிறாள். எரிந்து விழுகிறவர்கள் தணிந்து, "சரிம்மா, நீங்க சொன்னா சரி" என்று வைக்கும்வரை விடமாட்டாள். எங்கள் குடியிருப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது நான்தான்.

அந்த வாய்க்கு என் கையால் ஒரு கேடு வந்தது. அடிக்கவில்லை, அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு பிரஷர் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நான் பல் செட் கட்டுகிறவன். முன்னால் பல் டாக்டரின் கிளினிக், பின்னால் என் லேப். லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜன்னலோரம் இரண்டு மேஜை, ஒரு பாலிஷ் மோட்டார், பிளாஸ்டர் மூட்டை, செட்டை அச்சோடு வேகவைக்க ஒரு வெந்நீர்த் தொட்டி. பக்கத்து மேஜையில் பாலிஷ் போடுகிறவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். அறுபதாகப் போகிறது எனக்கு, இன்னும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாத மனுஷனுக்கு உட்கார்ந்தே செய்கிற வேலை எப்படி அமைந்தது என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருப்பாள். கைதான் மேஜையில் இருக்கும், கால் கீழே ஆடிக்கொண்டே இருக்கும்.

செட் முடிந்து வாயில் மாட்டும்போது டாக்டர் என்னைக் கூப்பிடுவார். கடி சரியாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பார், பேச்சு சரியாக வருகிறதா என்று நான் கேட்பேன். அதில் என் காது தப்பாது. "தாத்தா சொல்லுங்க. சீப்பு சொல்லுங்க. சரியாக் கேக்கல, இன்னொரு தடவை." 'த' நழுவினால் முன்பல் இடம் மாறியிருக்கிறது. 'ச' விசிலடித்தால் அண்ணத்தில் கொஞ்சம் தேய்க்க வேண்டும். 'ப'வும் 'ம'வும் உதட்டின் பாடு. 'க'வை மட்டும் நான் சோதிப்பதே இல்லை. நாக்கின் அடி மேலே போய் ஒட்டி விலகினால் 'க' வந்துவிடும், அதற்குப் பல்லே வேண்டாம். பல் முளைக்காத குழந்தையே 'ங்கா' என்கிறது. முப்பது வருடத்தில் யாருடைய 'க'வும் பல் இல்லாததால் கெட்டு நான் பார்த்ததில்லை.

என் மனைவிக்கு மேல்வரிசை மொத்தமும் ஆட்டம் கண்டு எடுக்க வேண்டியதாயிற்று. ஈறு ஆறியதும் நானே செட் கட்டினேன். என் கைவேலையில் அதுதான் உசத்தி. இடப்பக்கக் கோரைப்பல் அவளுக்குக் கொஞ்சம் கோணலாக இருக்கும், அதையும் அப்படியே கோணலாக வைத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதையாவது நேராக்கியிருக்கலாமே" என்றாள். நேராக்கினால் அது வேறு யாரோ ஆகிவிடும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பல்லைப் பதிச்ச மெழுகு அப்படித்தான் நின்னுச்சு" என்று சொல்லிவைத்தேன்.

மாட்டிய மூன்றாவது வாரம் மேலுதடு ஒரு பக்கம் வீங்கியது. காலையில் முகம் கழுவிவிட்டு வந்தவள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, உதடு என்னமோ மாதிரி இருக்கு. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல. ஆபீஸ்ல யார் குத்தினாங்கன்னு கேப்பாங்க."

"நான்தான்னு சொல்லு. ஒரு தடவையாவது எனக்கு மரியாதை கிடைக்கட்டும்."

சிரித்தேனே தவிர, உள்ளே சுருக்கென்றது. செட்டைக் கழற்றி வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் ஒரு முனை, முடி அளவு, கூராக இருந்ததுபோல் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும். லேபில் அதைத் தேய்த்து மழுக்கினேன். மறுநாள் சாயங்காலம் வீக்கம் இருந்த இடம் தெரியவில்லை. "பாத்தியா?" என்றேன். அவளும் தலையாட்டினாள்.

ஐந்து வாரம் கழித்து மறுபடியும். இந்தத் தடவை உதடோடு கன்னமும். மருந்துக்கடைக்காரர் அலர்ஜி மாத்திரை இரண்டு கொடுத்து, "புதுசா ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். "புதுசா வாய்க்குள்ள போனது என் பல்லு மட்டும்தான்" என்றேன். வேறு நாட்டில் இருக்கும் மகள் போனில் கேட்டாள்: "அம்மாவுக்கு மாத்திரை ஏதாவது மாத்தினாங்களாப்பா?" எதையும் மாற்றவில்லை, ரெண்டு வருஷமாக அதே பிரஷர் மாத்திரைதான் என்றேன். வீட்டில் புதிதாக வந்தவன்மேல்தானே சந்தேகம் வரும். ரெண்டு வருடமாகக் கூடவே இருக்கிறவனை யார் பிடித்து விசாரிப்பார்கள்?

இந்த முறை நான் கண்டுபிடித்தது, செட் சரியாக வேகவில்லை என்பது. ரோஸ் நிற அக்ரிலிக்கை அச்சில் அமுக்கி வெந்நீரில் வேகவைக்கிறோம். அரைவேக்காடாக எடுத்தால் அதிலிருக்கும் மருந்து கசிந்து சிலருக்கு வாய் எரியும். சொந்த மனைவிக்கு அரைவேக்காடாகக் கட்டிக் கொடுத்தவன் என்று என்னையே திட்டிக்கொண்டு, செட்டை மறுபடி வெந்நீரில் போட்டு மணிக்கணக்கில் வைத்தேன். அதற்குள் வீக்கமும் தானாக வற்றியது. கண்டுபிடிப்பு சரி என்று நினைக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

மாத்திரை என் பொறுப்பில் வந்த கதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலை செய்யும் இடத்தில் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. பிரஷர் எக்கச்சக்கமாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஊர் உலகத்துக் குழாயெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கும், இந்த ஒரு மாத்திரை மட்டும் மறந்துபோகும். அதனால் நான் எடுத்துக்கொண்டேன். எட்டு மணி, ஒரு டம்ளர் தண்ணீர், உள்ளங்கை. ஒரு நாள் தவறியதில்லை. அந்த ரெண்டு வருடமாக அவளுக்கு ஒரு வறட்டு இருமலும் இருந்தது. நாள் முழுக்கப் பேசுகிற தொண்டை, இருமாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். உதடு வீங்கிய நாட்களில் மாத்திரையை இன்னும் கறாராகக் கொடுத்தேன். கவலையில் பிரஷர் ஏறிவிடக்கூடாதே.

மூன்றாவது தடவை ஒரு வியாழக்கிழமை. காலையில் எழுந்தபோதே கீழுதடு லேசாகத் தடித்திருந்தது. பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை, அந்தச் செட்டின்மேல். ஆனால் ஆத்திரம் வந்தால் எதிரில் இருப்பது ஆளா பல்லா என்று அது பார்ப்பதில்லை.

"செட்டைக் கழட்டு."

"ராத்திரியே கழட்டி டம்ளர்ல போட்டாச்சு. விடிய விடிய அது தண்ணிலதான் கெடந்துச்சு. உதடு இப்ப வீங்கியிருக்கு. பல்லு எப்படிங்க காரணமாகும்?"

"நேத்து பகல் முழுக்கப் போட்டிருந்தியே, அதோட வேலை இது. இன்னிக்கு மொத்தமா உடைச்சு, அடிக்கட்டையை வேற மெட்டீரியல்ல மாத்திடறேன்."

"உங்க பல்லு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கென்னமோ இந்த மாத்திரை மேலதான் சந்தேகமா இருக்கு." உள்ளங்கையில் நான் வைத்த மாத்திரையை அவள் விரலால் புரட்டிக்கொண்டிருந்தாள். "டப்பாக்குள்ள மடிச்சு ஒரு தாள் இருக்குமே, அது எங்க? அதையாவது படிச்சுப் பாப்போம்."

"லேபுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். பிளாஸ்டர் கொட்டறப்ப அடியில விரிக்க வசதியா இருக்கு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"ஏங்க, ஒருத்தன் மெனக்கெட்டு பொடிப்பொடியா அச்சடிச்சு உள்ள வெச்சிருக்கான், நீங்க விரிச்சுப் படுக்கறதுக்கா?"

"ஊர்ல பாதிப் பேர் இதைத்தான் முழுங்கறான். எவனுக்கு உதடு வீங்கிச்சு? தப்பு என்னுதுன்னு நானே ஒத்துக்கறேன். அதைக்கூட ஒத்துக்க விடமாட்டியா?"

"நீங்க ஒத்துக்கறதுக்காக என் உதடு வீங்கணுமா?"

எனக்கு இந்த மாதிரி பதில் வந்தால் தாங்காது, ஏனென்றால் அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. வார்த்தை தடித்தது. "உனக்கு நாக்கு தடிச்சுப் போச்சு" என்றேன். "நாள் பூரா புகார் வாங்கி வாங்கி, வீட்டுக்கு வந்தும் எல்லாத்து மேலயும் புகார். முழுங்கு முதல்ல."

முழுங்கினாள். பிறகு வாயை ஆவென்று திறந்து, சின்னப் பிள்ளைகள் காட்டுவதுபோல நாக்கைத் தூக்கிக் காட்டினாள். குத்தலாகத்தான் செய்தாள். நானும் விடாமல் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பல் இல்லாமல் புகார் வாங்க முடியாது என்பதால் அவள் அன்று லீவு போட்டாள். செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் லேபுக்கு வந்தேன். வந்ததிலிருந்து எதுவும் ஓடவில்லை. மோட்டாரைப் போடுவேன், அணைப்பேன். எழுந்து ஜன்னல்வரை போவேன், திரும்பி வருவேன். உடைப்பதற்காக செட்டைக் கையில் எடுத்தால் அந்தக் கோணல் கோரைப்பல் என்னைப் பார்த்தது. கீழே வைத்துவிட்டேன். பாலிஷ் போடுகிறவர் தலையைத் திருப்பாமலே, "காலுக்கு ஒரு மணி கட்டி விடு தம்பி, கேக்கவாவது நல்லா இருக்கும்" என்றார்.

பத்தே முக்காலுக்கு அவளிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது.

'நாக்கு தடிச்சுப் போச்சுங்க.'

இரண்டு தடவை படித்தேன். அந்த 'ங்க'தான் என்னைக் கவிழ்த்தது. அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று அவள் இறங்கி வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. தமிழ் தெரிந்த யாருக்கும் அப்படித்தானே தோன்றும் என்று இன்றுவரை என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். நாற்காலியைச் சுழற்றி பாலிஷ் போடுகிறவரிடம் நீட்டினேன்.

"கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவை. எழுத்து மூலமா ஒத்துக்கிட்டிருக்கா பாருங்க."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். "பிரேம் போட்டு மாட்டு தம்பி."

'இப்பவாவது தெரிஞ்சா சரி' என்று பதில் அனுப்பினேன்.

'நெஜமா' என்று வந்தது.

'சரி, விட்டுட்டேன்' என்றேன். பெருந்தன்மை எனக்கு அன்று தாராளமாக இருந்தது.

'வாய்க்குள்ள அடங்கல.'

விழுந்து விழுந்து சிரித்தேன். 'அது என்னிக்கு அடங்கியிருக்கு' என்று அடித்து அனுப்பினேன். அந்த வரி இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. அழிக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. கால் ஆடுவது நின்று, வேலை கொஞ்சம் ஓடியது. செட்டை உடைக்க வேண்டாம், இன்னொரு முறை வேகவைத்தால் போதும் என்றுகூட மனசு இளகியது. பதினொன்று அடிக்கச் சில நிமிஷம் இருக்கையில் அவளே கூப்பிட்டாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டேன்.

"என்ன மேடம், சமாதானமா?"

மூச்சு கேட்டது. பிறகு, "அ… அவு…"

"என்ன?"

"அவு… ஒந்… இ…"

"பல்லு இல்லாம பேசாத, காத்துதான் வருது. சாயந்திரம் செட்டோட வரேன், அப்புறம் சேத்து வெச்சுத் திட்டு."

"அவு" என்றாள் மறுபடியும். ஈரமான, கொழகொழத்த சத்தம். ஏதோ கீழே விழுந்தது. லைன் அறுந்தது.

போனை மேஜையில் வைத்தேன். செட் இடது கையில் இருந்தது. அவு. காது அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. கதவு. கதவு தொறந்திருக்கு. அதைத்தான் சொல்கிறாள். பல் இல்லாத வாயில் 'த' போகும், 'ற' கொஞ்சம் போகும், ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். 'க' எப்படிப் போகும்? நாக்கின் அடி எழும்பாவிட்டால்தான் 'க' போகும்.

போனை எடுத்து அந்த முதல் வரியைத் திரும்பப் படித்தேன். நாக்கு தடிச்சுப் போச்சுங்க. அவள் எழுதியது அதுதான், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. செட் என் கையில் இருந்தது. அவள் வாயில் என் வேலை ஒன்றுமே இல்லை.

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பதறிப்போய் செட்டைக் கைக்குக் கிடைத்த காகிதத்தில் சுற்றிப் பைக்குள் திணித்தேன், ஏன் என்று கேட்டால் தெரியாது. பாலிஷ் போடுகிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரை அணைத்து வண்டிச்சாவியை எடுத்தார். படியில் இறங்கும்போதே கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன்.

"மேல போங்கம்மா. கதவு திறந்திருக்கும். உடனே போங்க, போனை வைக்காதீங்க."

வண்டியின் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போனேன். செருப்புச் சத்தம், படிச் சத்தம்.

"திறந்துதாங்க இருக்கு. மூடிக்காம இருக்க நாற்காலியை முட்டுக் குடுத்து வெச்சிருக்காங்க. ஐயோ."

"பேசறாளா?"

"பேசலங்க. நாக்கு வெளிய தள்ளியிருக்கு. எச்சி முழுங்க முடியல, துண்டைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருக்காங்க. கையைக் கையைக் காட்டறாங்க. நான் ஆம்புலன்ஸுக்குப் பண்றேன், நீங்க வைங்க."

வைத்தேன். முதல் சிக்னலில் வண்டிகள் அடைத்து நின்றன. எனக்கு நிற்க முடியவில்லை. குதித்து இறங்கி ஓடினேன். மெழுகு ஒட்டிய ஏப்ரனோடு, நடைபாதையில் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். இரண்டு கடை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து வண்டி வந்து பக்கத்தில் நின்றது. "ஏறு தம்பி" என்றார் அவர். ஏறினேன். அடுத்த சிக்னலில் மறுபடி இறங்கி ஓடினேன். மறுபடி, "ஏறு தம்பி." நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அவள் மூச்சு நின்றுவிட்டால் அவளுக்குக் கடைசியாக நான் எழுதியது 'அது என்னிக்கு அடங்கியிருக்கு' என்பதாக இருக்கும். அப்போது அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

வீட்டு வாசலில் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படுக்க வைக்க முயன்றும் அவள் விடவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்துதான் இருந்தாள். உதடு இரண்டும் உப்பி, நடுவில் நாக்கு அடைத்துக்கொண்டு நின்றது. கண் மட்டும் அவளுடையது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. கையிலிருந்த போனைத் தூக்கி, விரலால் அதைத் தட்டிக் காட்டினாள்.

"படிச்சேன்" என்றேன். "தப்பாப் படிச்சுட்டேன்."

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக் கதவு எங்களுக்கு நடுவில் மூடிக்கொண்டது. மூடுவதற்கு முன்னால் ஒரு டாக்டர், என் மகள் வயசிருக்கும், "என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டாள்.

"பிரஷர் மாத்திரை."

"பேரு?"

வாயைத் திறந்தேன். வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. எழுநூறு தடவை என் விரலால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பெயர் தெரியவில்லை.

"யாரையாவது வீட்டுக்கு அனுப்பி அட்டையைக் கொண்டாரச் சொல்லுங்க" என்றுவிட்டு உள்ளே போனாள். போனை எடுக்கப் பையில் கைவிட்டபோது செட் தட்டுப்பட்டது. சுற்றியிருந்த காகிதத்தோடு வெளியே வந்தது. மெல்லிய, நீளமான, பொடி எழுத்துத் தாள். எட்டாக மடித்த தடம் இருந்தது. ஒரு மூலையில் பிளாஸ்டர் காய்ந்து ஒட்டியிருந்தது. மேலே மாத்திரையின் பெயர்.

நின்றுகொண்டே படித்தேன். கண்ணாடி லேபில் இருந்தது, தாளைத் தூரத்தில் பிடித்தேன். வறட்டு இருமல் என்று ஒரு வரி. எனக்குத் தெரிந்த இருமல். அதற்குக் கீழே: முகம், உதடு, நாக்கு, தொண்டை வீக்கம், அரிது, மாத்திரையை உடனே நிறுத்தவும். அடுத்த வரியின்மேல் பிளாஸ்டர் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். 'மருத்துவ உதவி' என்பதுவரை தெரிந்தது.

தாளை நர்ஸிடம் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் டாக்டரே வந்தாள்.

"பேரு 'ப்ரில்'னு முடியுது பாருங்க. இந்த வகை மாத்திரை ரொம்பக் கொஞ்சம் பேருக்கு இப்படிச் செய்யும்."

"ரெண்டு வருஷமா சாப்பிடறாளேம்மா."

"ரெண்டு வருஷம் கழிச்சும் வரும். முன்னாடி வீங்கியிருக்கா?"

"ரெண்டு தடவை. தானா வத்திடுச்சு."

"தானா வத்தும். அதனாலதான் வேற எதையாவது காரணம்னு நினைச்சுக்கறாங்க." அவள் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. "அலர்ஜி ஊசி போட்டிருக்கோம், இதுக்கு அது பெருசாக் கேக்காது. மூக்கு வழியா மூச்சுக்குழாய்க்கு டியூப் போடறோம். அது போயிடுச்சுன்னா பயமில்ல."

"போகலைன்னா?"

"கழுத்துல கீறிப் போட வேண்டியிருக்கும். இன்னிக்கு மாத்திரை சாப்பிட்டாங்களா?"

"எட்டு மணிக்குக் கொடுத்தேன்."

"முழுங்கினாங்களா, துப்பிட்டாங்களா?"

"வாயைத் திறந்து காட்டினா. குனிஞ்சு பாத்தேன்."

அவள் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வராந்தாவின் நீளம் நாற்பத்திரண்டு டைல்ஸ். போகவர நடந்தேன். பாலிஷ் போடுகிறவரும் தையல்காரம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உட்காரச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. செட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நடந்தேன். அதை எத்தனை தடவை தேய்த்தேன், எத்தனை தடவை வேகவைத்தேன், எவ்வளவு திட்டினேன். ஒரு பாவமும் அறியாத பல். தப்பை நான் ஒத்துக்கொண்டபோதெல்லாம் எனக்குள்ளே கொஞ்சம் பெருமையாக இருந்ததே, அதை நினைத்தால்தான் கூசியது. அவளுக்கு என்ன செய்கிறது என்று நான் தேடவே இல்லை. என் கைவேலையையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

டியூப் உள்ளே போய்விட்டது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் கதவைப் பாதி திறந்து சொன்னாள். அப்போதுதான் என் கால் நின்றது, நின்ற இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் மயக்கத்தில் வைத்திருந்தார்கள். வீக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. இரண்டு நாளும் காலை எட்டு மணிக்கு என் கை தானாகத் தண்ணீர் டம்ளரைத் தேடியது. மாத்திரையை மாற்றிவிட்டார்கள். பழைய மாத்திரையின் பெயரை ஒரு அட்டையில் எழுதி, இதை இந்த ஜென்மத்தில் தொடக்கூடாது என்று என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பெயர் இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

மூன்றாம் நாள் காலையில் டியூபை எடுத்தார்கள். "தொண்டை புண்ணா இருக்கும், ரொம்பப் பேச விடாதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். யாரிடம் போய் என்ன சொல்கிறாள் பார் என்று ஒரு கிண்டல் வாய்வரை வந்தது. அதை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உதடு பழைய உதடாகியிருந்தது. செட் இல்லாமல் உள்ளே மடிந்து, பத்து வயது கூடுதலாகத் தெரிந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மூன்று நாளாகக் கோர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். மண்ணில் இழுபடுகிற குரல்.

"கதவைப் பூட்டினீங்களா?"

'த' கொஞ்சம் நழுவியது, பல் இல்லை அல்லவா. 'க' முழுசாக வந்தது. சுத்தமாக, வெட்டின மாதிரி வந்தது. எனக்குக் கண் நிறைந்து, எதிரில் இருந்த அவளே தெரியவில்லை.

"தையல்காரம்மா பூட்டினாங்க. சாவி அவங்ககிட்டதான் இருக்கு" என்றேன். "இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"கதவு."

"கதவு."

"இன்னொரு தடவை."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் நான் இப்படிக் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும், செட் மாட்டிய அன்று அவளையும் கேட்டிருக்கிறேன்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தை?"

"மாத்திரைன்னு."

நான் கட்டிலின் கம்பியைப் பார்த்தேன். அவள் அவசரப்படவில்லை. கத்துகிறவன் தணியும்வரை காத்திருந்து காத்திருந்து பழகியவள்.

"மாத்திரை" என்றேன்.

தலையணையில் கிடந்த தலையை, காது என் பக்கம் வருகிற மாதிரி மெல்லச் சாய்த்தாள்.

"சரியாக் கேக்கல" என்றாள். "இன்னொரு தடவை."